ஞாயிற்றுக்கிழமைக் கடல்

பிப்ரவரி 12, திங்கள்

வாணி அக்கா கொடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறேன். தேதி, நேரம், ஒலி, கேட்டவர். அது வேலைக்கான பக்கம். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுவது என்னுடையது.

இன்று விடியற்காலையில் அப்பாவின் வள்ளத்தில் போய்க் குழாயை இறக்கினார்கள். குழாய் என்பது எங்கள் ஊர் வைத்த பெயர். கை நீளத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் குழாய், உள்ளே பேட்டரியும் மெமரி கார்டும், முனையில் தண்ணீருக்கு அடியில் கேட்கும் மைக். சிமெண்டுக் கட்டியோடு சேர்த்துக் கட்டி இறக்கிவிட்டால் ஆறு நாள் அதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். திங்கள் இறக்கி, சனி எடுத்து, ஞாயிறு சார்ஜ் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்குவதில்லை என்பதால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் வசதி.

எங்கள் இரட்டைக்கல்துறைக்குத் தூண்டில் வளைவு வரப்போகிறது. கரையைக் கடல் அரிக்காதபடி தூண்டில் முள்போல வளைத்துக் கடலுக்குள் கல் போடுவார்கள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. அதற்கு முன்னால் இந்தக் கடலில் ஓங்கல் இருக்கிறதா என்று ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். டால்பினைத்தான் நாங்கள் ஓங்கல் என்போம். எழுதிக் கொடுப்பதற்காக ஓர் ஆய்வு நிலையம் வாணி அக்காவை அனுப்பியிருக்கிறது. அக்காவுக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். இங்கே கன்னியர் மடத்தின் பின்னறையில் தங்கியிருக்கிறார்.

பதிவானதைக் கேட்டு எழுத ஆள் வேண்டும் என்று அவர் விசாரித்தபோது அப்பாதான் சொன்னார். "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா வாணிம்மா. வாய் கிடையாது. காது உண்டு."

நான் ஒன்பதாவது வரை படித்தேன். அதற்கு மேல் போகப் பஸ் வசதி இல்லை.

வீட்டின் பின்சுவரிலிருந்து கடல், நடந்து அளந்தால், பதினான்கு எட்டு. போன வருடம் முப்பது.

பிப்ரவரி 18, ஞாயிறு

மூன்று.

பிப்ரவரி 20, செவ்வாய்

வாணி அக்கா எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஹெட்போனை மாட்டிவிட்டு, "என்ன கேக்குதுன்னு சொல்லு கண்ணு" என்றார். நான் சொல்லவில்லை, எழுதிக் காட்டினேன்.

எப்போதும் பின்னால் கேட்பது இறால் சொடுக்குவது. சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி, நிற்கவே நிற்காது. அதற்கு மேலே வள்ளங்கள். அருளப்பன் சித்தப்பாவின் என்ஜின் மூன்று துடிப்புக்கு ஒருமுறை இருமும். அப்பாவுடையது வேகம் குறையும்போது கொஞ்சம் விசும்பும். பதினொரு வள்ளங்களுக்கும் பெயர் எழுதினேன். அக்கா கரைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, "பதினொண்ணும் சரி! நீ மனுசியா மிஷினா?" என்றார்.

ஓங்கல் ஒலி எப்படியிருக்கும் என்று வேறு கடலில் பிடித்த பதிவுகளைப் போட்டுக் காட்டினார். தூரத்திலிருந்து டிக் டிக் என்று தட்டிக்கொண்டே வரும். மீனை நெருங்கும்போது தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்கூல் பையின் ஜிப்பை இழுத்தாற்போல் ஆகிவிடும். ஒன்றையொன்று கூப்பிடுவது சீழ்க்கையில். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீழ்க்கை உண்டாம்.

ஒரு முறை கேட்டாலே போதும், எனக்கு மறக்காது.

பிப்ரவரி 25, ஞாயிறு

மூன்று. சிறியது கரைப்பக்கம்.

மார்ச் 1, வெள்ளி

இரண்டு வாரப் பதிவில் ஓங்கல் மொத்தம் நான்கு இடங்களில்தான். எல்லாம் தூரத்தில்.

வாணி அக்கா படிவம் எடுத்துக்கொண்டு கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேள்வி கேட்டார். நான் காப்பித் தூக்குவாளியோடு பின்னால் நின்றேன்.

"ஏனுங்ண்ணா, கடலுக்குப் போறப்ப டால்பின் பாப்பீங்களா?"

"பாக்காம? போன மாசம் வந்து என் வலையில மூணு பாகம் கிழிச்சுட்டுப் போச்சு. டெய்லர் கடைக்கு வழி சொல்லாமப் போயிட்டுது" என்றார் அருளப்பன் சித்தப்பா.

"கரைக்குக் கிட்டத்துலயா?"

"அது வெளிக்கடல்ல. கிட்டத்துல எங்க? இத்தன என்ஜின் போற இடத்துல அதுக்கு என்ன சோலி?"

"கடலுக்குப் போற அன்னைக்கு இங்க பாத்ததே இல்லீங்களா?"

"இல்லம்மா. எழுதிக்கிடுங்க. இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதவரிடம் ஞாயிற்றுக்கிழமைக் கடலைப் பற்றி யார் கேட்பார்கள்?

அப்பா என்னைப் பார்த்தார். நான் காப்பி ஊற்றினேன்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று எழுதப் போவதில்லை.

மூன்று.

மார்ச் 5, செவ்வாய்

போன வாரப் பதிவைக் கேட்டேன். திங்கள் காலை 5.50-க்குக் குழாய் இறங்கியிருக்கிறது. 6.05 வரை சீழ்க்கை, மெல்ல விலகிப் போகிறது. பிறகு வள்ளங்கள் புறப்பட, எதுவும் இல்லை. அதற்கு முந்திய திங்களும் இப்படித்தான். முதல் திங்களும்.

கட்டத்தில் எழுதினேன். வாணி அக்கா பேனாவால் தட்டிக்கொண்டே பார்த்தார். "திங்கக்கெழமை மட்டும் வருது பாரேன். சும்மா அந்தப் பக்கமாப் போயிருக்கும்."

சொல்வதற்கு நல்ல இடம் அதுதான். நான் பென்சிலைச் சீவினேன். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

பின்சுவரிலிருந்து பன்னிரண்டு எட்டு. அம்மா கோழிக்கூட்டை முன்முற்றத்துக்கு மாற்றிவிட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

கடைசிப் பக்கத்தை யாரும் படிக்கப் போவதில்லை. இங்கேயாவது நேராக எழுதுகிறேன்.

பஸ் உண்டு. காலை ஏழே முக்காலுக்கு. இன்றைக்கும் வருகிறது, ஹாரன் சத்தம் வீட்டுக்குள் கேட்கும்.

ஒன்பதாவது முடியப் போகும்போது பிரேயரில் செய்தி வாசிக்கும் முறை எனக்கு வந்தது. மேடையில் ஏறி வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எண்ணூறு பேர். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் கோழி போலக் கூவினான். அதற்குப் பிறகு நான் எங்கே நடந்தாலும் கூவினார்கள். வீட்டில் பஸ் சரியாக வருவதில்லை என்று சொன்னேன். அம்மாவும் அப்படியே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அந்த வருடத்திலிருந்துதான் ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைச் சுவருக்குப் பின்னால் போய் உட்காருகிறேன். அங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும். கடல் வெறுமையாக இருக்கும். கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் அவை வரும். முதலில் இரண்டு. போன ஆடியிலிருந்து மூன்று. சிறியது பெரியதன் விலாவை விட்டு விலகாது. இரண்டு ஆண்டுகளில் வராத ஞாயிறுகள் ஆறுதான். புயல் எச்சரிக்கை இருந்த ஞாயிறும் அதில் சேர்த்தி.

குழாய் அந்த நாளில் மட்டும் வாணி அக்காவின் மேசைமேல் சார்ஜில் கிடக்கிறது.

கான்ட்ராக்டர் ஒன்பது வாரத்தில் கல் போட்டு முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனி பிறந்து கடல் பொங்குவதற்குள். அதற்காக ஞாயிறும் வேலை செய்ய ஊர்க் கமிட்டி சம்மதித்துவிட்டது. உயிர் காக்கிற வேலைக்கு ஓய்வுநாள் தடையில்லை என்று ஃபாதரும் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். ஓங்கல் இருக்கிறது என்று நான் சொன்னால் வேலை தள்ளிப்போகும். முன்வரிசையில் பதினேழு வீடுகள். தெற்கோரத்தில் கடைசி வீடு எங்களுடையது.

அதனால்தான் சொல்லவில்லை. இன்றும் மூன்று.

மார்ச் 14, வியாழன்

வாணி அக்கா அறிக்கையைத் தட்டச்சு செய்து எனக்கு வாசிக்கக் கொடுத்தார். இருபத்தொன்றாம் தேதி அனுப்ப வேண்டும். நான்காவது பக்கத்தில் ஒரு வரி: "இக்கடற்பகுதியை ஓங்கல்கள் வழக்கமாகப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை." அதற்குக் கீழே: "ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் குறித்தவர்: சி. மரிய ஜெனோவா."

"முழுப் பேரும் போட்டுட்டேன் கண்ணு. சரிதானே?"

என் பெயரை அச்சில் கடைசியாகப் பார்த்தது ஒன்பதாம் வகுப்பு அடையாள அட்டையில்.

நாளை மறுநாள் காலை அக்கா சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கோபிக்குப் போகிறார். சனிக்கிழமை குழாயை எடுத்துக் கழுவிச் சார்ஜ் போடும் பொறுப்பு என்னுடையது.

மார்ச் 15, வெள்ளி

மீன் கழுவினேன். பாய் துவைத்தேன். கோழிக்குத் தவிடு பிசைந்தேன். அந்த வரி கூடவே வந்தது.

நான் கேட்டு எழுதிய எதையும் இதுவரை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது.

மார்ச் 16, சனி

காலையில் அப்பா குழாயைக் கொண்டுவந்தார். ஏழு மணிக்குச் சார்ஜில் போட்டேன். நான்கு மணிக்குப் பாதிக்குமேல் ஏறியிருந்தது. அது முழுநேரம் ஓடத் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. வாணி அக்கா மாற்றும்போது பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் கேட்டு இருபது நிமிடம் தூங்கும்படி மாற்றிவைத்தேன். இப்படியானால் திங்கள் வரை கட்டாயம் தாங்கும்.

கரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அப்பா வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, திரும்பக் கொண்டாந்துட்ட?"

"இதை இப்பவே இறக்கணும்."

"திங்கக்கெழமைல்லா?"

"நாளைக்குள்ளது வேணும்."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"நீ கல்லறைக்குப் பின்னால உக்காந்து என்னத்த எண்ணுதன்னு எனக்குத் தெரியாதாட்டி? ஊருல பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் கேக்கல, யாரும் சொல்லல. அப்படியே கெடக்கட்டும்."

நான் நின்றேன்.

"வீடு போச்சுன்னா ஓங்கலா வந்து நமக்குச் சுவரெடுத்துத் தரும்?"

"என் பேரு போட்டிருக்குப்பா."

"எதுல?"

"ஓங்கல் இல்லன்னு எழுதி, அதுக்குக் கீழ. கேட்டது மரிய ஜெனோவான்னு."

அவர் கழுவின வள்ளத்தை மறுபடி ஒருமுறை கழுவினார். பிறகு சிமெண்டுக் கட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"உங்கம்மைகிட்ட நீயே சொல்லிக்கிடு. எனக்குத் தைரியம் இல்ல."

மார்ச் 17, ஞாயிறு

மூன்று. இன்று கீழேயும் ஒரு காது இருந்தது.

மார்ச் 18, திங்கள்

அப்பா குழாயை எடுத்துத் தந்தார். மடத்து சிஸ்டரிடம் சாவி வாங்கி, காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினேன்.

ஞாயிறு காலை ஆறு. இறால் மட்டும். என்ஜின் இல்லாத கடலை முதல்முறையாகக் கேட்கிறேன். இறால் சத்தத்துக்குள்ளேயே கிட்டத்தில் சொடுக்குவது, தூரத்தில் சொடுக்குவது என்று பிரிந்து கேட்டது. மணல் உருள்வதுகூடக் கேட்டது.

எட்டரை. தட்டல். கிட்டத்தில்.

ஒன்பது. ஜிப் இழுக்கும் ஒலி பதினான்கு முறை. மூன்றும் மேய்கின்றன.

ஒன்பதரை. ஒரு சீழ்க்கை, மேலே ஏறி வளைந்து இறங்குகிறது. அடுத்து அதையே இன்னொன்று செய்து பார்க்கிறது. ஏறும்போது நடுங்கி, பாதியில் உடைந்துவிடுகிறது. பெரியது மறுபடி செய்கிறது. சிறியது மறுபடி உடைக்கிறது. பத்து நிமிடத்தில் இருபத்தாறு முறை. பெரியது ஒருமுறைகூட அவசரப்படவில்லை.

மாலை ஐந்தரை வரை கிட்டத்தில் இருந்தன; பிறகு திங்கள் விடியும்வரை விட்டுவிட்டுத் தூரத்தில். கட்டங்களை நிரப்ப எட்டுப் பக்கம் ஆனது. கேட்டவர் என்ற கட்டத்தில் எட்டுப் பக்கமும் முழுப் பெயர் எழுதினேன்.

மார்ச் 19, செவ்வாய்

வாணி அக்கா மதியம் வந்தார். கல்யாணச் சேலைக் கசங்கலோடு அப்படியே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றியதும் முகம் சிவந்திருந்தது.

"நாலு வாரம்! நாலு வாரமும் ஞாயித்துக்கெழமை சார்ஜ் போட்டிருக்கேன் நான். எனக்கு உறைக்கவே இல்லையே. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"ஏன் சொல்லல?"

அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பின்சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொல்லி, கடலை நோக்கி எட்டு வைத்து நடந்து காட்டினேன். பதினொன்றாவது எட்டில் கால் நனைந்தது.

அக்கா சுவரிலேயே சாய்ந்து நின்றார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "உள்ள வந்து உக்காருங்க. அந்தச் சுவர நம்பிச் சாயாதீங்க" என்றாள்.

மார்ச் 20, புதன்

அறிக்கை மாறிவிட்டது. தூண்டில் வளைவு வேண்டாம் என்று இல்லை. சனி மாலை ஆறிலிருந்து திங்கள் காலை ஆறு வரை கல் போடக் கூடாது. வேலை நடக்கும் வாரங்களில் தொடர்ந்து கேட்டு வர வேண்டும். ஞாயிறும் சேர்த்து.

"வேலை நேரம் பத்து நாள் கூடும். உங்க வீட்டுக்கு அது..." என்று ஆரம்பித்த அக்கா பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

நான் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர்க் கூட்டம். எல்லோர் கையிலும் ஓலை. வளைவு வேலையைப் பார்க்கும் என்ஜினியர் சார் ஜீப்பில் வந்தார். கான்ட்ராக்டரும் வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

வாணி அக்கா விளக்கியதும் சலசலப்பு. கமிட்டித் தலைவர் செலஸ்டின் எழுந்தார். "ஒன்பது வாரம் பத்தரை வாரம் ஆவுது. ஆனி பொறந்து ஒரு வாரம் தாண்டிரும். ஓங்கலுக்காக ஊரு முங்கணுமா?"

என்ஜினியர் தாள்களைப் புரட்டினார். "இதெல்லாம் போட்டு என்ஜின் சத்தமா இருக்கும்மா. யாரு கேட்டு எழுதினது?"

வாணி அக்கா பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவும் சொல்லவில்லை.

தூணை விட்டு வெளியே வந்தேன். ஊரே இருந்தது.

"நான்தான் சார்."

சிறிய சத்தம்தான். ஆனால் வந்தது.

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

"ஒன்பது."

"என்ஜினுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். உங்க ஜீப்புல பெல்ட் தேஞ்சிருக்கு. வளைவுல திரும்பும்போது கீச்சுங்குது. ரொம்ப நாள் தாங்காது."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து டிரைவர், "ஆமா சார், நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். ஓலைகள் குலுங்கும்படி சிரித்தார்கள். என்ஜினியரும் சிரித்துவிட்டு, அந்தத் தாள்களை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

செலஸ்டின் சிரிக்கவில்லை. "செரி, இருக்கு. இருக்கட்டும். முன்வரிசை வீட்டுக்கு என்ன பதிலு?"

அப்போதுதான் அப்பா எழுந்தார். "சார், கடல் எந்தப் பக்கம் அதிகமா அரிக்கு? தெக்க. நீங்க எந்தப் பக்கம் மொதல்ல கல்லு போடுதீங்க? வடக்க. தெக்குப்புறத்த மொதல்ல முடிச்சா, ஆனிக்கு முன்னால முன்வரிசைக்கு ஒரு மறைப்பு கெடைக்கும்லா?"

"லாரி போக ரோடு வடக்கதானே இருக்கு?" என்றார் கான்ட்ராக்டர்.

"தெக்க என் வீட்டு முத்தம் இருக்கு. வேலியப் பிரிச்சிருதேன். எங்க வீட்டு வழியாப் போங்க."

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "இந்தாரும், முருங்க மரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுந்தான்."

என்ஜினியர் பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். பிறகு கான்ட்ராக்டரிடம், "தெற்கிலிருந்து" என்றார்.

ஏப்ரல் 8, திங்கள்

முதல் லாரி. முற்றம் வழியாகப் போகும்போது சுவரில் மாட்டியிருந்த மாதா படம் சாய்ந்தது. அம்மா நேராக்கினாள். பத்து நிமிடத்தில் அடுத்த லாரி.

ஏப்ரல் 10, புதன்

துணி காயப்போட இடமில்லை. சோற்றில் புழுதி. அம்மா ஒவ்வொரு லாரிக்கும் ஓங்கலை ஒரு வசவு வைகிறாள். இன்று சிறியதையும் சேர்த்துக்கொண்டாள். "ஒனக்கு இந்தச் சின்ன வயசுலேயே ஞாயித்துக்கெழம லீவு கேக்குதோ?"

அப்பா இன்று குழாயை இடையில் எடுத்துத் தந்தார்; கல் விழும் பதிவைக் கேட்டேன். ஹெட்போனைத் தூக்கி எறிந்துவிட்டேன். கல் விழுந்து வெகுநேரத்துக்கு இறால்கூடச் சொடுக்கவில்லை.

ஏப்ரல் 13, சனி

பின்சுவரிலிருந்து ஒன்பது எட்டு. அடுக்களைச் சாமான்களை முன்னறைக்கு மாற்றினோம். தென்புற வளைவு எங்கள் சுவர் நேருக்கு வர இன்னும் நான்கு வாரம் ஆகும் என்கிறார்கள். வந்துவிடும்.

ஆறு மணிக்குக் கல் போடுவது நின்றது. கடைசி லாரி போனதும் அம்மா முற்றத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"இவ்வளவு சத்தத்துக்கப்புறம் நாளைக்கு வருமாட்டி அது?" என்று கேட்டாள். வசவு இல்லாமல்.

தெரியாது என்று சொன்னேன். வாணி அக்கா வாங்கிவந்த இரண்டாவது பேட்டரி போட்ட குழாயை அப்பாவோடு போய் இறக்கிவிட்டு வந்தேன். இந்த முறை நானும் வள்ளத்தில் போனேன். கட்டியைத் தண்ணீரில் விட்டது நான்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பூசை முடிந்து கல்லறைப் பக்கம் போனேன். இன்று தனியாக இல்லை. வாணி அக்கா பைனாகுலரோடு வந்தார். அப்பா வந்தார். கொஞ்சம் கழித்து, பார்க்க வரவில்லை என்கிற முகத்தோடு செலஸ்டினும் வந்தார். நான் ஓடாமல் இருந்தேன்.

எட்டரை. இல்லை.

ஒன்பது. இல்லை.

பத்து. வெயில் ஏறியது. "போயிருச்சு போல" என்றார் செலஸ்டின். குரலில் சந்தோஷம் இல்லை.

பதினொன்று. வாணி அக்கா பைனாகுலரை இறக்கிவிட்டார். என்னிடம் இறக்க எதுவும் இல்லை, காதுதான். காற்று தெற்கிலிருந்து வந்தது. புதுக் கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மூச்சு விட்டது. கடலில் அப்படி மூச்சு விடுவது ஓங்கல் ஒன்றுதான்.

கையை நீட்டிக் காட்டினேன். "அங்க."

முன்பக்கத்தைத் திருப்பி, கட்டத்தில் எழுதியது:

ஏப்ரல் 14. காலை 11.40. நேரில். மூன்று. கேட்டவர்: சி. மரிய ஜெனோவா.